ரைஃபிள் சரியில்லன்னு சொல்றதுக்கு முன்னாடி: ஹாபி ஷூட்டர்ஸ் பண்ற தப்புகள்

ரேஞ்சுல நாலு பேர் கூடுனா வர்ற முதல் கேள்வியே "உங்க ரைஃபிள் எத்தனை எம்ஓஏ?"தான். தெரியாதவங்களுக்கு, எம்ஓஏன்னா (மினிட் ஆஃப் ஆங்கிள்) ஒரு டிகிரிய 60-ஆ பிரிச்சா அதுல ஒரு பங்கு, 100 மீட்டர் தூரத்துல அது சுமார் 29 மில்லிமீட்டர் அகலம் வரும். ஒரே புள்ளியக் குறிவச்சு சுட்ட குண்டுகள் எவ்வளவு அகலத்துக்கு சிதறுதுன்னு இதுலதான் சொல்லுவாங்க, நம்பர் சின்னதா இருந்தா துல்லியம் அதிகம். 1 எம்ஓஏ அடிக்காத துப்பாக்கி வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணி காசைக் கொண்டுபோய் புது பேரல்ல, அதாவது துப்பாக்கிக் குழல்ல, கொட்டுறதுதான் நான் அதிகமா பாக்குற தப்பு.

இங்க ஒரு கணக்கு இருக்கு. ரைஃபிளோட சிதறலும் நம்ம கையோட சிதறலும் நேரா கூடாது, ஸ்கூல்ல படிச்ச செங்கோண முக்கோணம் மாதிரி ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். நின்னுக்கிட்டு சுடும்போது உங்க கை 6 எம்ஓஏ ஆடுது, ரைஃபிள் 2 எம்ஓஏன்னு வச்சுக்கோங்க, மொத்தம் 6.3 வரும், 100 மீட்டர்ல 184 மில்லிமீட்டர். இப்ப செலவு பண்ணி ரைஃபிள 1 எம்ஓஏ ஆக்குனா? 177. ஏழே மில்லிமீட்டர்தாங்க குறையுது! அதே பழைய ரைஃபிள வச்சுக்கிட்டு பிராக்டிஸ் பண்ணி கை ஆட்டத்த 4-க்கு கொண்டு வந்தா 130.

எதைச் சுடப்போறோம்னு யோசிக்காமலே நம்பர் பேசுறது அடுத்தது. ஒலிம்பிக்ஸ் 50 மீட்டர் டார்கெட்ல 10-ம் வளையம் வெறும் 10.4 மில்லிமீட்டர், அங்க அரை எம்ஓஏவுக்கு அடிச்சுக்கலாம், நியாயம். ஆனா 100 மீட்டர்ல 20 சென்டிமீட்டர் இரும்புத் தட்டுங்கிறது கிட்டத்தட்ட 7 எம்ஓஏ, அதை டங்குன்னு அடிக்க 2 எம்ஓஏ ரைஃபிள் தாராளம், என்னைக் கேட்டா 3 கூட ஓகே.

அப்புறம் இந்த மூணு குண்டு குரூப், அதாவது ஒரே குறிக்கு சேர்த்து சுட்ட ஓட்டைகளோட கூட்டம். மூணு சுட்டு, அதுல நல்லா வந்ததை மட்டும் போட்டோ எடுத்து, வெளிய போனதை "ஃப்ளையர்" (தப்பிப்போன ஒண்ணு, கணக்குல இல்ல)னு தள்ளிட்டு "என்னோடது முக்கால் எம்ஓஏ"ங்கிறது. அதே துப்பாக்கில பத்து குண்டு சுட்டா குரூப் சராசரியா ஒன்றரை மடங்குக்கு மேல விரியும், துப்பாக்கி கெட்டுப்போகல, அதோட உண்மையான அளவே அதுதான். மூணு குண்டுக்கு ஒருதரம் ஸ்கோப்ப கிளிக் கிளிக்னு திருப்பி ஜீரோ பண்றவங்களும் (குறிவச்ச இடத்துலயே குண்டு விழுற மாதிரி செட் பண்றவங்களும்) இதே கேஸ்தான், சும்மா தற்செயலா விழுந்ததைத் துரத்திட்டு இருப்பாங்க.

காத்தை மறந்துட்டு பேரலைத் திட்டுறதும் உண்டு. பாயிண்ட் 22 ரிம்ஃபயர் குண்டு (அடி விளிம்புல இடிச்சா வெடிக்கிற சின்ன வகை), மணிக்கு 16 கிலோமீட்டர் காத்து குறுக்க அடிச்சா 100 மீட்டர்ல 10 சென்டிமீட்டர் வாக்குல தள்ளிப்போகும். இதுக்கு முன்னாடி அரை எம்ஓஏ எல்லாம் எந்த மூலைக்கு?

நானே ரெண்டு வாரம் பேரல் போச்சுன்னு புலம்பிட்டு இருந்தேன், கடைசில பாத்தா ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூ லூஸ், விரலால தொட்டதும் சுத்துது. வெக்கமா போச்சு. அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ எல்லாம் டைட்டா இருக்கான்னு பாருங்க, ரெண்டு மூணு பிராண்டு குண்டு போட்டுப் பாருங்க, ஒரே ரைஃபிள்ல பிராண்டுக்கு பிராண்டு குரூப் ரொம்ப மாறும்.

பிராக்டிஸ்க்கு நான் பண்றது டிரை ஃபயர், அதாவது குண்டே போடாம ட்ரிகர் அழுத்திப் பழகுறது. குண்டு எதுவும் இல்லன்னு ரெண்டு தரம் செக் பண்ணிட்டு, பேரல் மேல நுனிகிட்ட ஒரு காசை வச்சு, மூச்சை பாதி விட்டு நிறுத்தி, ட்ரிகர மெல்ல அழுத்தணும், ஃபயரிங் பின் (குண்டை இடிச்சு வெடிக்க வைக்கிற ஊசி) அடிக்கும்போது காசு விழக்கூடாது. முதல் நாள் எனக்கு ஒவ்வொரு தடவையும் விழுந்துச்சு. ஒண்ணு மட்டும், பாயிண்ட் 22 ரிம்ஃபயர்ல வெறும் சேம்பர (குண்டு உக்கார்ற இடம்) வச்சு இதைப் பண்ணா சில துப்பாக்கில அந்த ஃபயரிங் பின் போய் சேம்பர் விளிம்புல இடிக்கும், மேனுவல்ல பண்ணலாம்னு போட்டிருந்தா ஒழிய ஸ்னாப் கேப்னு சொல்ற டம்மி குண்டு போட்டுக்கோங்க.