அயிரையைப் பார்க்க வேண்டுமா? மணலைப் பாருங்கள்

அயிரையைச் சட்டியில் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஓடையில் பார்த்தவர்கள் குறைவு. அயிரைக் குழம்புக்காக மதுரைக்கு ஊர் விட்டு ஊர் வருகிறார்கள். அதே மீன் காலடியில் கிடக்கும்போது, "மீனே இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கரையேறுகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். தேனிப் பக்கம் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வருசநாட்டு மலையடிவாரத்தில் வைகைக்குப் போய்ச் சேரும் ஓர் ஓடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஏழு வருடப் பழக்கம் இது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். விரல் நீளம்தான், பெரும்பாலும் 5, 6 செ.மீ. மணல் நிற உடம்பு, பக்கவாட்டில் வரிசையாகப் பழுப்புத் திட்டுகள், வாயைச் சுற்றிக் குட்டி மீசைகள். கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு. மடக்குக் கத்தி மாதிரி படிந்திருக்கும், மீனைப் பிடித்தால் நிமிரும். அறிவியலில் இதற்கு லெபிடோசெஃபலிக்திஸ் தெர்மாலிஸ் என்று பெயர். 1846இல் இதை முதலில் விவரித்து எழுதியபோது, திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனை வைத்து எழுதினார்கள். 'தெர்மாலிஸ்' வந்தது அப்படித்தான். மற்றபடி இது வெந்நீர் மீன் இல்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மணல் கிடக்கும் ஓடை, வாய்க்கால், நெல்வயல் எல்லாம் இதன் வீடு.

பழந்தமிழில் 'அயிர்' என்றால் நுண்மணல். மீனின் பெயர் அதிலிருந்து வந்ததோ இல்லையோ, தேட வேண்டிய இடம் அதுதான். ஓடை வளையும் இடத்தில் உள்பக்கம் தண்ணீர் மெதுவாகப் போகும், அங்கே மணல் படியும். பெரிய பாறைக்குப் பின்னாலும் படியும். அரை அடி, ஓர் அடி ஆழம் போதும். மணல் எப்படி இருக்க வேண்டும்? ரவை மாதிரி. பருமனான சரளை என்றால் அதற்குள் அயிரையால் நுழைய முடியாது. வண்டல் என்றால் செவுளில் அப்பிக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி மணலைத் தண்ணீரோடு பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். சட்டென்று அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளிந்தால் நல்ல மணல். ஒரு நிமிடம் கழித்தும் கலங்கலாகவே இருந்தால் வேறு வளைவைப் பாருங்கள்.

வேகமாக ஓடும் தண்ணீரில், கல்லுக்கடியில், உடம்பின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போட்ட வேறொரு மீன் இருக்கும். பலர் அதைப் பார்த்துவிட்டு அயிரை என்கிறார்கள். அதற்குக் கண்ணடி முள் கிடையாது.

எங்கள் பக்கத்து ஓடைக்கு நல்ல காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையில் செந்நீராக ஓடும் ஓடை மார்கழி கடைசியில்தான் தெளியும். காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை, வெயில் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள். முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும். அவ்வளவுதான், எல்லாம் புதைந்துவிடும்.

போகும்போது கீழிருந்து மேலாகப் போங்கள். மிதித்துக் கலங்கிய தண்ணீர் உங்களுக்குப் பின்னால் போய்விடும். முதல் வருடம் நான் மேலேயிருந்து இறங்கி நடந்து, கலங்கலும் என்னோடு கூடவே வர, அரை நாள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கலாம், பார்க்க முடியாது.

உட்கார்ந்த பிறகு கால் மணி நேரம் அசையாதீர்கள். தைக்கிறவனுக்கு இது சுலபம், மற்றவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். முதலில் கண்ணில் படுவது மீன் இல்லை, நிழல். மணலில் ஒரு கறுப்புக் கீற்று நகரும், அதற்கு மேலேதான் அயிரை. அப்புறம் சின்னச் சின்ன மணல் புகை தெரியும். வாயில் மணலை அள்ளி, அதிலிருக்கும் புழு பூச்சியைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. சமைக்கிறவர்கள் அயிரையை உயிரோடு பாலில் விட்டு மணலைக் கக்க வைப்பது இதனால்தான். கடைசியாக, மணலுக்கு வெளியே கடுகு மாதிரி இரண்டு கண்கள். அதைப் பார்க்கக் கண் பழகிவிட்டால், ஒரு முழத்துக்குள் நாலைந்து தெரியும்.

சில சமயம் ஒன்று விருட்டென்று மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கீழே போகும். குடல் வழியாகவும் இது சுவாசிக்கும். அடிக்கடி நிறைய மீன்கள் அப்படி வந்தால் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குறித்து வையுங்கள்.

தண்ணீர் மேலே மினுமினுத்துத் தொந்தரவு செய்தால், பழைய பெயின்ட் வாளி ஒன்றின் அடியை வெட்டிவிட்டு, மேசைக்குப் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை வாய்ப்பக்கம் இழுத்துக் கட்டுங்கள். அந்தப் பக்கத்தைத் தண்ணீரில் அமுக்கி, வெட்டிய பக்கம் வழியாகப் பாருங்கள். நான் ஷீட்டுக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். கொஞ்சம் கசியும், பரவாயில்லை.

பிடித்துப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் வலை வேண்டாம். கண்ணடி முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும், பிய்த்தெடுத்தால் மீன் பிழைக்காது. நெருக்கமாக நெய்த பருத்தித் துண்டு போதும். கையில் கொசு களிம்பு, கிரீம் எதுவும் இருக்கக் கூடாது. கண்ணாடி டம்ளரில் விட்டு இரண்டு நிமிடம் பாருங்கள், எடுத்த இடத்திலேயே விடுங்கள். வயிறு பருத்த பெட்டையைத் தொடவே வேண்டாம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த கப்பி, ஜிலேபி எதையும் ஓடையில் கொண்டுவந்து விடாதீர்கள். ஓடை காட்டு எல்லைக்குள் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, ஆழம், நீரோட்டம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். நீரோட்டத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும். என் தையல் டேப் 150 செ.மீ. அதை இரண்டு முறை வைத்தால் 3 மீட்டர். பழத்தை மிதக்கவிட்டு வினாடியை எண்ணுங்கள். நான் உட்காரும் வளைவில் முன்பெல்லாம் 15 வினாடி ஆகும். மூன்று வருடம் முன்பு ஓர் இரவில் யாரோ அந்த வளைவு மணலை முழுக்க அள்ளிக்கொண்டு போனார்கள். பாறையும் சரளையும்தான் மிச்சம். அடுத்த தையில் பழம் 4 வினாடியில் ஓடிப்போனது. அயிரை ஒன்றுகூட இல்லை.

அதற்கடுத்த தையில் 5 வினாடி. இந்தத் தையில் 7.