மாத்திரைக்கு லீவு விடாதீர்கள்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டுக்குக் கிளம்பிய கார் ஒன்று கடை வாசலில் நின்றது. இறங்கி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். "அண்ணே, கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டுட்டிருக்கேன். இன்னிக்கும் நாளைக்கும் மேல பார்ட்டி. ரெண்டு நாள் நிறுத்திக்கிறேன், சரிங்களா?"

சேலத்தில் இருபது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். மாதம் நாலு பேராவது இதைக் கேட்கிறார்கள். குடித்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டாதே என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்கள் குடிக்கும்போது செய்கிற தப்புகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குடிக்கிற நாளில் மாத்திரையை விடுவது

"ரெண்டும் சேர்ந்தா லிவர் போயிடும்" என்ற பயம்தான் காரணம். ஆனால் ஸ்டாட்டின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரைகளில், ரத்தத்தில் அட்டார்வாஸ்டாட்டின் பாதியாகக் குறையவே சுமார் 14 மணி நேரம் ஆகும், ரோசுவாஸ்டாட்டினுக்கு 19. நேற்றைய மாத்திரை இன்றைக்குக் குடிக்கும்போதும் உள்ளே இருக்கிறது. ஒரு வேளை விடுவதால் கல்லீரலுக்கு ஒரு காப்பும் கிடையாது. ஸ்டாட்டினால் கல்லீரல் மோசமாகக் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் அதைக் கெடுப்பது குடிதான்.

பதினொரு வருடத்துக்கு முன் நானும் இதைச் செய்தேன், மருந்தாளுநராக இருந்துகொண்டே. முதலில் சனிக்கிழமை மட்டும் விட்டேன். பிறகு ஞாயிறு, கறிவிருந்து, கல்யாண வீடு. பத்து மாத்திரை அட்டை பதினாறு நாள் வந்தது. 98-க்கு இறங்கியிருந்த எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 131-க்கு ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழல் வைத்தவர்கள் இதைச் செய்யும்போது. பலருக்கு ஸ்டாட்டின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மூன்றும் ஒரே கேப்சூலில் இருக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரை என்று நினைத்து அதை விட்டால், ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும் சேர்ந்து போகிறது. ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதமான ஒரு மளிகை வியாபாரியின் அட்டையை வாங்கி எண்ணினேன். பதினைந்தும் தீர்ந்திருக்க வேண்டிய நாளில் ஐந்து மிச்சம். அன்றே அவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

ராத்திரி வேளை குடியோடு மோதுகிறது என்றால் டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அட்டார்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம். சிம்வாஸ்டாட்டின்தான் ராத்திரி மருந்து.

விட்டதற்கு மறுநாள் இரண்டாகப் போடுவது

வேண்டாம். வழக்கமான ஒன்றே போதும்.

"ஒரு குவார்ட்டர்தானே"

180 மில்லி, அதில் சாராயம் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்தச் சாராயம். அமெரிக்கக் கணக்கில் அது நாலு 'டிரிங்க்'குக்கு மேல். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறுவதற்கு இது தாராளம். மாத்திரை இறக்குவதைக் குடி இன்னொரு பக்கம் ஏற்றிவிடும்.

டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி குடிப்பது

குடியால் ட்ரைகிளிசரைடு ஏறிக் காட்டும்; ரிப்போர்ட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

உடம்பு வலியை மலையின் மேல் போடுவது

சேர்வராயன் கோயில் வரை நடந்தால் கால் வலிக்கும்தான். ஆனால் தொடையும் தோளும் சேர்ந்து நாலு நாள் கனத்து வலித்தால் டாக்டரைப் பாருங்கள். அதிகம் குடிப்பவர்களுக்கு ஸ்டாட்டினால் தசை கெடும் ஆபத்து கூடுதல். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

டாக்டரிடம் "எப்பவாச்சும்" என்று சொல்வது

வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மில்லி என்று சொல்லுங்கள். முன்பு மஞ்சள் காமாலை வந்திருந்தாலும், ஸ்கேனில் கல்லீரல் சுருக்கம் என்று எழுதியிருந்தாலும் அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அப்படிப்பட்டவருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அதைப் பார்த்துத்தான் அவர் எழுத முடியும்.