நெஞ்சு எக்ஸ்ரேயில் நோய் தேடும்போது நேரும் தவறுகள்

நெஞ்சுப் படத்தில் நோய் தவறவிடப்பட்டால் பழி, படித்துச் சொன்ன மருத்துவர் மேல் விழும். ஆனால் பல தவறுகள் அதற்கு முன்பே, படம் எடுக்கும் அறையிலேயே நடந்து முடிந்துவிடுகின்றன. படத்தில் நோய் இருக்கிறதா என்று தேடுமுன், அந்தப் படம் நம்பத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

எடுக்கும்போது

முறையான நெஞ்சு எக்ஸ்ரே நின்ற நிலையில் எடுப்பது. நெஞ்சு, படத்தைப் பதிவு செய்யும் டிடெக்டர் பலகையை ஒட்டியிருக்கும். கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும். கதிர் வரும் எக்ஸ்ரே குழாய்க்கும் டிடெக்டருக்கும் 180 சென்டிமீட்டர் இடைவெளி. இதை பி.ஏ. படம் என்பார்கள். இதயம் உடலின் முன்பக்கம் இருப்பதால், இந்த நிலையில் அதன் நிழல் பெரிதாகத் தெரியாது. எழுந்து நிற்க முடியாதவருக்குக் கட்டிலிலேயே எடுக்கும் ஏ.பி. படத்தில் கதிர் முன்னிருந்து வருகிறது, தூரமும் குறைவு. அதில் இதயம் பெரிதாகத்தான் தெரியும். இதயத்தின் அகலம் நெஞ்சுக்கூட்டின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் இதய வீக்கம் என்ற கணக்கு பி.ஏ. படத்துக்கு மட்டுமே. கட்டிலில் எடுத்த படத்தில் அளந்துவிட்டு வீக்கம் என்று எழுதுவது தவறு. எந்த முறையில் எடுத்தது என்பதைப் படத்திலேயே குறிக்க வேண்டும்.

அடுத்தது மூச்சு. "மூச்சை இழுங்க, அடக்குங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், பாதிப் பேர் மூச்சை விட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு முறை இழுத்து விடச் சொல்லி, இரண்டாவது முறை ஆழமாக இழுத்து அடக்கிய பிறகு எடுப்பது நல்லது. சரியாக இழுத்திருக்கிறாரா என்று அறிய வலப்பக்க விலா எலும்புகளை எண்ணுங்கள்: உதரவிதானத்துக்கு மேலே முன்விலா 6, அல்லது பின்விலா 9 முதல் 10 தெரிய வேண்டும். குறைந்தால் நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்து, ரத்தக்குழாய்கள் நெருங்கி, நிமோனியா போலவோ இதயச் செயலிழப்பு போலவோ தோன்றும். இல்லாத நோய்க்கு மருந்து தொடங்குவது பல நேரங்களில் இப்படித்தான்.

உடல் திரும்பியிருந்தாலும் இதே குழப்பம். இரு காரை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நுரையீரல் கறுத்தும் மற்றது வெளுத்தும் தெரியும்; மூச்சுக்குழல் ஒருபுறம் இழுபட்டது போலவும் இருக்கும். தோள்பட்டை எலும்புகள் நுரையீரல் மேல் விழாதபடி தோள்களை முன்னே உருட்டச் சொல்ல வேண்டும்.

சடை, ஊக்கு, தாயத்து ஆகியவற்றைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. பின்னிய சடை தோளில் விழுந்தால், காசநோய் அதிகம் குடியேறும் நுரையீரல் உச்சியில் நிழலாகப் பதியும். சடையைத் தூக்கித் தலைக்கு மேல் கட்டச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்ணிடம் வற்புறுத்தத் தேவையில்லை. நுரையீரல் பரப்பின் மேல் விழாதபடி கழுத்துக்கு மேலே ஒதுக்கிப் பிடித்தால் போதும். முலைக்காம்பின் நிழலும் கட்டி போலத் தெரியும். சந்தேகம் வந்தால் காம்பின் மேல் ஒரு சிறு உலோகக் குறி ஒட்டி மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

வலம், இடம் என்ற குறியை எடுக்கும்போதே வைக்க வேண்டும். பிறகு கணினியில் ஒட்டுவது ஆபத்து. இதயம் வலப்பக்கம் அமைந்த ஒருவரின் படத்தை யாரோ திருத்துவதாக நினைத்துப் புரட்டிவிட்டால், நெஞ்சிலிருந்து நீரையோ காற்றையோ வெளியேற்றச் செருகும் குழாய் தவறான பக்கம் போகும்.

படிக்கும்போது

ஒரு கோளாறு கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திவிடுவது அனுபவசாலிகளையும் பிடிக்கும் தவறு. நெஞ்சில் நீர் இருப்பதைக் கண்டவர், அதே படத்தில் விலா எலும்பு அரிக்கப்பட்டிருப்பதைப் பார்க்காமல் விடுவார். மறைவான இடங்களைக் கடைசியில் ஒரு முறை வேண்டுமென்றே பார்க்க வேண்டும்: காரை எலும்புக்குப் பின்னுள்ள உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே இறங்கும் நுரையீரல் பகுதி, இருபுற நுரையீரல் வேர், விலா எலும்புகள்.

நின்ற பி.ஏ. படத்தில் விலாவும் உதரவிதானமும் சந்திக்கும் ஓரக் கோணம் மழுங்குவதற்கு ஏறக்குறைய 200 மில்லி நீர் வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் 75 மில்லி அளவிலேயே தெரிய வாய்ப்புண்டு. படுத்தவருக்கு நீர் முதுகுப் பக்கம் பரவி வெறும் மங்கலாகவே தெரியும். ஆகவே "கோணம் தெளிவாக இருக்கிறது, நீர் இல்லை" என்பது சரியல்ல, அல்ட்ராசவுண்டு பார்த்துவிடலாம். அதில் பார்த்து ஊசி குத்தும் இடத்தைத் தோலில் குறித்த பிறகு, நோயாளியை வேறு நிலையில் உட்கார வைத்து நீரை எடுக்க ஊசி போடுவது இன்னொரு தவறு. நிலை மாறினால் நீரும் இடம் மாறும்.

நுரையீரலில் உள்ள பெரிய காற்றுப்பையை நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று புகுந்த நிலை) என்று நினைத்துக் குழாய் செருகினால், நுரையீரலையே துளைத்ததாகிவிடும். நீண்ட காலம் புகைத்தவரிடமும் பழைய காசநோய் உள்ளவரிடமும் இந்தச் சந்தேகம் வந்தே தீர வேண்டும். நோயாளி நிலையாக இருந்தால் சி.டி. எடுத்து உறுதி செய்யுங்கள். மாறாக, ஒருவர் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் சரிந்து, ஒரு பக்கம் மூச்சொலியே இல்லாமல் இருந்தால் படத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும்.

காசநோய் என்ற முத்திரை

எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் காசநோய் என்று முத்திரை குத்துவது நம் நாட்டில் பெரும் பாதிப்பை உண்டாக்கும் தவறு. எக்ஸ்ரே காட்டுவது நிழல். கிருமியின் பெயரை அது சொல்லாது. உச்சியில் உள்ள திட்டு காசநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், பல ஆண்டுகளுக்கு முன் ஆறிய தழும்பாகவும் இருக்கலாம். சளியைச் சோதிக்காமல் மருந்து தொடங்கி, மாதக்கணக்கில் காத்திருந்து, கட்டி வளர்ந்த பின் புற்றுநோய் என்று தெரிய வருவது இங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட், ட்ரூநாட் போன்ற மூலக்கூறு சோதனைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. எச்சில் இல்லாமல் ஆழத்திலிருந்து இருமி வந்த சளியைக் கொடுக்க வேண்டும். எச்சிலைக் கொடுத்துவிட்டு நெகட்டிவ் என்று நிம்மதி அடைவதில் பயனில்லை.

தலைகீழான தவறும் உண்டு. சர்க்கரை நோயாளிகளிடம் காசநோய் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வரலாம். அதைச் சாதாரண நிமோனியா என்று நினைத்து லீவோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால், கிருமி பாதி அடங்கி, காய்ச்சல் சில நாள் குறைந்து, நோய் கண்டறிவது தள்ளிப்போகும். எச்.ஐ.வி. முற்றியவருக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் காசநோய் இருக்கலாம்.

ஒரே படத்தை இருவர் வேறுவேறாகப் படிப்பதும், ஒருவரே சில வாரம் கழித்து வேறு முடிவு சொல்வதும் 1940களில் அமெரிக்காவில் நடந்த காசநோய்ப் பட ஆய்வுகளிலேயே வெளிப்பட்டது. இதற்கு நல்ல துணை பழைய படம். இரண்டு ஆண்டுகளாக மாறாத திட்டும், ஆறு மாதத்தில் முளைத்த திட்டும் ஒன்றல்ல. பழைய பிலிமைத் தூக்கிப் போடாதீர்கள்.

நிமோனியா ஆறிய பிறகும் நிழல் சில வாரங்கள் நிற்கும். காய்ச்சல் விட்ட நான்காம் நாள் மறுபடம் எடுத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்கும் புகைப்பவருக்கும் ஆறு வாரம் கழித்து ஒரு படம் அவசியம். மறையாத நிழலின் பின்னால் கட்டி இருக்கலாம்.

சி.டி. கேட்கும்போது

"நெஞ்சு சி.டி." என்று மட்டும் எழுதிக் கொடுப்பது தவறு. நுரையீரலை மெல்லிய அடுக்குகளாக எடுக்கும் எச்.ஆர்.சி.டி.யில் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய் தெளிவாகத் தெரிய ஊசியில் செலுத்தும் மருந்து) கிடையாது. நுரையீரல் திசு தடிப்பதைப் பார்க்க அது நல்லது. நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா என்று அறிய, கான்ட்ராஸ்ட் மருந்து அந்தக் குழாயை நிறைக்கும் நொடியில் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டும். எச்.ஆர்.சி.டி. நார்மல் என்பதை வைத்து அந்த அடைப்பு இல்லை என்று சொல்லவே முடியாது. முதுகுப் பக்கம் லேசான வெளுப்பு தெரிந்தால் குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுக்க வேண்டும். புவியீர்ப்பால் வந்தது மறைந்துவிடும், உண்மையான நோய் அப்படியே நிற்கும்.

நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்கும். சாதாரண நெஞ்சு சி.டி. 5 முதல் 7 வரை. இருமலுக்கெல்லாம் சி.டி. எடுப்பது கூடாது. கர்ப்பிணிக்குத் தேவையான எக்ஸ்ரேயை மறுப்பதும் கூடாது. கருவுக்குச் சேரும் அளவு மிக மிகக் குறைவு.

குழந்தைகள்

வேர்க்கடலை, புளியங்கொட்டை எக்ஸ்ரேயில் தெரியாது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரெனப் புரையேறி இருமியது என்று தாய் சொன்னால், நார்மல் படம் அதைப் பொய்யாக்காது. மூச்சை வெளிவிடும்போது எடுத்த படத்தில் அடைபட்ட பக்கம் காற்றை விடாமல் கறுப்பாகவே நிற்கலாம். அதுவும் தெரியாவிட்டால் மூச்சுக்குழலுக்குள் கேமராக் குழாய் விடும் பிராங்கோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் தைமஸ் சுரப்பி இதயத்துக்கு மேலே அகலமாகத் தெரிவது இயல்பு. அதைக் கட்டி என்று சொல்லிப் பெற்றோரைக் கலங்கடிக்க வேண்டாம்.

கைப்பேசிப் படம்

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி முடிவு கேட்பது பெருகிவிட்டது. சுருக்கி அனுப்பிய படத்தில் சிறு கட்டிகளும், நியூமோதோராக்ஸின் மெல்லிய கோடும் மறைந்துபோகும். ஸ்கேன் மையத்தில் டைகாம் கோப்புகள் (சுருக்காத மூலப் படங்கள்) உள்ள குறுந்தட்டையோ இணைய இணைப்பையோ கேட்டு வாங்குங்கள். அனுப்பும்போது வயது, எத்தனை நாள் காய்ச்சல், எடை குறைந்ததா, புகைப்பழக்கம், முன்பு காசநோய் மருந்து எடுத்ததுண்டா என்பதையும் எழுதுங்கள்.