பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு மக்தபில் ஓதக் கற்றுக்கொடுப்பது எப்படி?

பள்ளிக்கூடம், டியூஷன், வீட்டுப்பாடம் போக மக்தபுக்கு (குர்ஆன் ஓதவும் மார்க்கம் படிக்கவும் போகும் வகுப்பு) மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான். முதல் வருடத்தில் அதில் பெரும்பங்கை ஓதலுக்கே கொடுங்கள். எழுத்தின் உச்சரிப்பு கோணலாகப் பதிந்துவிட்டால், பிறகு திருத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

முதலில் கணக்கு. ஒரு உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) 20 பிள்ளைகள். ஆளுக்கு 2 நிமிடம் தனியாக ஓதக் கேட்டாலே 40 நிமிடம் ஆகிவிடும். மீதி 20 நிமிடம் மனப்பாடத்துக்கும் தீனியாத்துக்கும் (மார்க்கப் பாடம்). பிள்ளைகள் அதற்கு மேல் இருந்தால், எழுத்துப் பாடம் முடித்துக் குர்ஆனுக்கு வந்துவிட்ட மூத்த பிள்ளையிடம் பழைய பாடத்தைக் கேட்கச் சொல்லலாம். புதுப் பாடம் மட்டும் உஸ்தாதிடம்தான். எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஓதுவதை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை அதில் ஒளிந்துகொள்ளும்.

அரபு எழுத்து நாளைக்கு இரண்டு, மூன்று போதும். தமிழ்ப் பிள்ளை எங்கே தடுமாறும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். தமிழில் சொல்லின் முதலில் வரும் ப, த, ச வன்மையாக ஒலிப்பதால் பா, தால், ஜீம் என்ற அரபு எழுத்துகள் மூன்றும் பிசகும். விளக்கம் வேண்டாம், பிள்ளை அறிந்த சொல்லையே கொடுங்கள்: ‘தம்பி’யில் வரும் பகரம் பா, ‘பந்து’வில் வரும் தகரம் தால், ‘பஞ்சு’வில் வரும் சகரம் ஜீம். ஃபா உதடு மூடாமல், மேற்பல் கீழுதட்டின் உட்புறத்தைத் தொட்டு வரவேண்டும். ஸா, ஸீன், ஸாத் மூன்றும் ஒன்றாகிவிடும். ஸாவுக்கு நாக்கு நுனி மேல் முன்பல்லின் விளிம்பில். ஸீனுக்குக் கீழ் முன்பல்லின் பின்னால், மெல்லிய சீழ்க்கையோடு. ஸாதுக்கு அதே இடம், ஆனால் நாக்கின் பின்புறம் உயர்ந்து ஒலி தடிக்கும். குர்ஆனின் சூராவை, அதாவது அத்தியாயத்தை, தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பது இந்த உழைப்பையெல்லாம் அழித்துவிடும். பெற்றோர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மத்து, அதாவது ஒலியை நீட்டுவது, தமிழ்ப் பிள்ளைக்குச் சுலபம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தமிழ் வகுப்பில் படித்ததேதான்: ஸபர், ஸேர், பேஷ் (அ, இ, உ குறிகள்) ஒரு ஹரகத் (மாத்திரை போன்ற அளவு), இயல்பான மத்து இரண்டு. ஷத்து என்ற குறி ‘பட்டு’, ‘பள்ளி’யில் வரும் இரட்டிப்பு.

மனப்பாடம் குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவின் 7 வசனங்களில் தொடங்கி, பிறகு கடைசி சூராவான நாஸிலிருந்து மேல்நோக்கிப் போகட்டும். குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்உவில் 37 சூராக்கள் உண்டு. முதல் வருடத்துக்குப் பத்து தாராளம்.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவைக் குழாயடியில் செய்ய வைத்தே கற்றுக்கொடுங்கள். அதற்கு முன் பிள்ளையின் வீட்டு மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை)க் கேட்டுக்கொள்ளுங்கள்: ஃபர்ளு (கட்டாயச் செயல்கள்) ஹனஃபியில் 4, ஷாஃபியில் நிய்யத்தும் (மனதில் எண்ணுவது) வரிசைக்கிரமமும் சேர்ந்து 6. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி பரவலாக இருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி அதிகம். ஒரே வகுப்பில் இரண்டும் இருந்தால் இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பிள்ளை வீட்டில் போய்ச் சண்டை போடும்.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் விடுமுறை விடாமல் நேரத்தை 20 நிமிடமாகக் குறையுங்கள். புதுப் பாடம் வேண்டாம், பழையதைத் திருப்பி ஓதினால் போதும்.