ஈவன்ட் போகிறது, லிஸனருக்குக் கேட்கவில்லை: ஸ்பிரிங் பூட்டில் இன்ஜெக்‌ஷன் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

நாகர்கோவில் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "அண்ணா, ஆப் நல்லா ஓடுது, எரர் ஒண்ணுமே இல்லை. மெசேஜ் மட்டும் போக மாட்டேங்குது." ஜாவாவும் ஸ்பிரிங் பூட்டும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும், இதைப் படித்துக்கொண்டே சரிபார்க்கலாம்.

எடுத்துக்காட்டுக்குத் தோவாளைப் பூச்சந்தையை வைத்துக்கொள்வோம். காலையில் பிச்சி, மல்லி, சம்பங்கி, கிரேந்தி விலை பதிவாகிறது. பதிவானதும் வியாபாரிகளுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும், கணக்கில் ஏற வேண்டும். ஓணம் நெருங்கும்போது விலை ஏறிக்கொண்டே போகும், கேரளத்து வியாபாரிகளுக்கு அது உடனே தெரிந்தாக வேண்டும். 'விலைப்பதிவு' என்ற வகுப்பு இந்த வேலைகளை நேரடியாகச் செய்வதில்லை. 'விலைஅறிவிப்பு' என்ற ஈவன்டை மட்டும் வெளியிடுகிறது. குறுஞ்செய்தி லிஸனரும் கணக்கு லிஸனரும் அதைக் கேட்டு அவரவர் வேலையைச் செய்கின்றன. லிஸனருக்கு வேண்டிய 'குறுஞ்செய்திஅனுப்பி'யை ஸ்பிரிங் கன்டெய்னரே (பொருள்களை உருவாக்கி வைத்திருக்கும் பகுதி) உருவாக்கி உள்ளே கொடுக்கிறது. அதுதான் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். (ஜாவாவில் வகுப்புப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், கம்பைலர் ஏற்றுக்கொள்ளும்.)

படி 1: கத்துகிறதா, மௌனமா?

ஆப் தொடங்கும்போதே நின்றுவிட்டால் அது கத்தும் கோளாறு. ஆப் ஓடி, வேலை மட்டும் நடக்காவிட்டால் மௌனக் கோளாறு. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. எதையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள்.

படி 2: கத்தினால், கடைசிக் காரணத்தைப் படியுங்கள்

எரரோடு வரும் நீளமான பட்டியலான ஸ்டாக் டிரேஸின் முதல் வரியில் பெரும்பாலும் விஷயம் இருக்காது. 'காஸ்டு பை' என்று தொடங்கும் கடைசி வரிக்குப் போங்கள்.

'நோ குவாலிஃபையிங் பீன்' என்று இருந்தால் (கன்டெய்னர் உருவாக்கி வைத்திருக்கும் பொருள்தான் பீன்) அந்த வகுப்பு கன்டெய்னருக்குத் தெரியவில்லை. கம்போனன்ட் அல்லது சர்வீஸ் அனொட்டேஷன் விடுபட்டிருக்கலாம். அது இருந்தும் இதே எரர் வந்தால் பேக்கேஜைப் பாருங்கள். மெயின் வகுப்பு இருக்கும் பேக்கேஜையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் மட்டுமே ஸ்பிரிங் பூட் தானாகத் தேடும், பக்கத்துப் பேக்கேஜுக்குப் போகாது.

ஒன்றை எதிர்பார்த்தேன், இரண்டு கிடைத்தது என்று சொன்னால், உண்மையான அனுப்பியும் சோதனைக்கு வைத்த போலி அனுப்பியும் ஒரே இன்டர்ஃபேஸில் பீனாக நிற்கின்றன. ஒன்றுக்கு 'பிரைமரி' போடுங்கள், அல்லது வாங்கும் இடத்தில் 'குவாலிஃபையர்' கொண்டு பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சுழல் சார்பு பற்றிய எரரும் வரும். விலைப்பதிவுக்குக் குறுஞ்செய்தி லிஸனர் வேண்டும், அந்த லிஸனருக்கு விலைப்பதிவு வேண்டும் என்ற நிலை. 2021-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 முதல் இது இயல்பாகவே தடுக்கப்படுகிறது. அனுமதிக்க ஒரு செட்டிங் உண்டு, ஆனால் அதைத் தொடாதீர்கள். குறுஞ்செய்தி போகவில்லை என்பதை விலைப்பதிவுக்குத் தெரிவிக்க வேண்டுமென்றால் லிஸனர் 'செய்திபோகவில்லை' என்று இன்னொரு ஈவன்டை வெளியிடட்டும். சுழல் அத்தோடு அறுந்துவிடும்.

படி 3: மௌனமானால், மூன்று லாக் வரிகள்

இங்கேதான் பலர் நாள்கணக்கில் திணறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லிஸனரின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு வரி: "லிஸனர் உருவானது". ஈவன்டை வெளியிடும் இடத்தில் ஒரு வரி: "வெளியிட்டேன்". லிஸனர் மெத்தடின் முதல் வரியாக: "கேட்டேன்". இனி ஆப்பை ஓட்டி, எது வந்தது, எந்த வரிசையில் வந்தது என்று பாருங்கள்.

"லிஸனர் உருவானது" வரவே இல்லையென்றால் படி 2-இல் சொன்ன பேக்கேஜ் சிக்கல்தான். யாரும் அந்த லிஸனரைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்பதில்லை என்பதால் அது இல்லாமலே ஆப் சந்தோஷமாகத் தொடங்கிவிடும். ஈவன்ட் முறையில் இன்ஜெக்‌ஷன் கோளாறு மௌனமாகிப் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

"கேட்டேன்" வந்து, அடுத்த வரியிலேயே நல் பாயின்டர் எரர் வந்தால், எங்கேயோ 'நியூ' போட்டு லிஸனரை நீங்களே உருவாக்கிக் கூப்பிடுகிறீர்கள். கன்டெய்னர் உருவாக்காத பொருளுக்குள் அது எதையும் வைக்காது. ஃபீல்டில் ஆட்டோவயர்டு போடுவதை விட்டுவிட்டுக் கன்ஸ்ட்ரக்டர் வழியே வாங்கினால் இந்தத் தவறைக் கம்பைலரே பிடித்துவிடும். ஸ்பிரிங் 4.3 முதல் ஒரே ஒரு கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அந்த அனொட்டேஷனும் தேவையில்லை.

மூன்றாவது வகைதான் ஆளைக் குழப்பும். "லிஸனர் உருவானது" வருகிறது, "வெளியிட்டேன்" வருகிறது, "கேட்டேன்" மட்டும் வரவில்லை. ஆனால் பத்து நிமிடம் கழித்துப் புது விலை போட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது! இப்படி இருந்தால், பீன் உருவானதும் ஸ்பிரிங் தானாகக் கூப்பிடும் 'போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட்' மெத்தடைத் திறந்து பாருங்கள். ஆப் தொடங்கியதும் கடைசி விலையை ஒருமுறை அனுப்பிவிடலாமே என்று அதற்குள் ஈவன்டை வெளியிட்டிருப்பீர்கள். 'ஈவன்ட் லிஸனர்' அனொட்டேஷன் போட்ட மெத்தடுகளை, சிங்கிள்டன் (ஒன்றே ஒன்றாக உருவாகும்) பீன்கள் எல்லாம் உருவாகி முடிந்த பிறகுதான் ஸ்பிரிங் பதிவு செய்கிறது. வியாபாரிகள் வந்து சேருமுன் சந்தையில் விலை கூவியது போல உங்கள் முதல் ஈவன்ட் வீணாகிவிட்டது. அந்த வேலையை 'அப்ளிகேஷன் ரெடி' ஈவன்டைக் கேட்கும் ஒரு மெத்தடுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

படி 4: டிரான்சாக்‌ஷன் லிஸனர்

விலை டேட்டாபேஸில் உறுதியான பிறகே செய்தி போக வேண்டும் என்று 'டிரான்சாக்‌ஷனல் ஈவன்ட் லிஸனர்' போட்டிருக்கிறீர்களா? நல்ல முடிவு. ஆனால் ஈவன்டை வெளியிடும் நேரத்தில் டிரான்சாக்‌ஷன் எதுவும் நடப்பில் இல்லையென்றால் அந்த லிஸனர் இயல்பாக ஓடவே ஓடாது, எரரும் தராது.

"டிரான்சாக்‌ஷனல் போட்டிருக்கேனே" என்பீர்கள். அந்த மெத்தடை யார் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். அதே வகுப்பில் உள்ள இன்னொரு மெத்தட் நேரடியாகக் கூப்பிட்டால் டிரான்சாக்‌ஷன் தொடங்காது. கன்டெய்னர் மற்றவர்களுக்குக் கொடுப்பது உங்கள் பொருளைச் சுற்றிய ஒரு பிராக்ஸியை, அதாவது அழைப்பை முதலில் வாங்கும் பதிலாளை. டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவது அந்தப் பிராக்ஸிதான். உள்ளுக்குள்ளேயே கூப்பிடும்போது அழைப்பு அதன் வழியே போவதில்லை. சேமிக்கும் மெத்தடைத் தனி பீனாகப் பிரித்து இன்ஜெக்ட் செய்யுங்கள்.

கணக்கு லிஸனர் கமிட்டுக்கு (டேட்டாபேஸில் உறுதியாவதற்கு) பிறகு ஓடி டேட்டாபேஸில் எழுதினால், அதற்கு 'ரிக்வயர்ஸ் நியூ' என்று புது டிரான்சாக்‌ஷன் கொடுங்கள். இல்லாவிட்டால் "கேட்டேன்" வரும், டேபிளில் வரி ஏறாது.

படி 5: அசிங்க் லிஸனர்

ஸ்பிரிங்கில் ஈவன்ட் இயல்பாக அதே திரெட்டில்தான் ஓடும். குறுஞ்செய்தி தாமதமானால் விலைப்பதிவும் காத்திருக்கும் என்பதால் 'அசிங்க்' போடுகிறோம். அதற்கு 'எனேபிள் அசிங்க்' எங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய திரெட்டிலேயே ஓடும். ரிக்வெஸ்ட் ஸ்கோப் பீனை (ஒரு ரிக்வெஸ்ட் நடக்கும்வரை மட்டும் இருப்பது) அசிங்க் லிஸனரில் தொட்டால், அந்தத் திரெட்டில் ரிக்வெஸ்ட் இல்லை என்று எரர் வரும். விலை போட்டவர் யார் என்பது வேண்டுமானால் அந்த விவரத்தை ஈவன்டுக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள்.

படி 6: சோதனை எழுதுங்கள்

ஸ்பிரிங் 5.3.3 முதல் 'ரெக்கார்டு அப்ளிகேஷன் ஈவன்ட்ஸ்' என்ற அனொட்டேஷன் இருக்கிறது. சோதனை ஓடும்போது எந்த ஈவன்ட் எத்தனை முறை வெளியானது என்று அது எண்ணித் தரும். ஈவன்ட் வெளியானதா என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி, லிஸனர் கேட்டதா என்பதற்கு அல்ல. அதற்குப் போலி அனுப்பியை இன்ஜெக்ட் செய்து, பிச்சிக்கு ஒரு விலை போட்டு, அனுப்பியை ஒருமுறை கூப்பிட்டதா என்று தனியாகச் சரிபாருங்கள். டிரான்சாக்‌ஷனல் லிஸனரைச் சோதிக்கும்போது மட்டும் சோதனை மெத்தடில் டிரான்சாக்‌ஷனல் போடாதீர்கள். சோதனை முடிவில் அது ரோல்பேக் ஆகும் (எழுதியது திரும்பப் பெறப்படும்), கமிட் நடக்காது, சரியாக எழுதிய லிஸனரும் ஓடாமல் நிற்கும்.