சுட்ட உருளைக்கிழங்கு நசநசத்துப் போவது ஏன்?

ஒரு உருளைக்கிழங்கு, கொஞ்சம் உப்பு, ஒரு துண்டு வெண்ணெய், சூடான ஓவன். சுட்ட உருளைக்கிழங்குக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே பலரும் இதில் கவனம் வைப்பதில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்து வெளியே எடுத்தால் தோல் சுருங்கித் தொய்ந்திருக்கும், உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். 'வேகவைத்த கிழங்கே தேவலை' என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடுவது பெரிய நஷ்டம். சரியாகச் சுட்ட கிழங்கின் தோல் மொறுமொறுவென்று இருக்கும். பிளந்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று பொலபொலவென உதிரும். வெண்ணெயை வைத்த உடனே அது உருகி உள்ளே இறங்கும். இந்தச் சுவை வேகவைத்த கிழங்கில் வரவே வராது.

உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சுடும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேற வேண்டும், மீதியை மாவுச்சத்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, போக வேண்டிய ஈரத்தைப் போகவிடாமல் அடைத்துவைப்பவைதான்.

கடையிலேயே தொடங்கும் தவறு

எல்லாக் கிழங்கும் சுடுவதற்கு ஒத்துவராது. மாவுத்தன்மை அதிகமுள்ள கிழங்கில் மாவுச்சத்து மணிகள் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும். பிறகு கிழங்கின் திசுவறைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். நாம் பொலபொலவென்று சொல்வது இந்தப் பிரிவைத்தான். மாவுத்தன்மை குறைந்த கிழங்கில் அறைகள் ஒட்டியே இருக்கும். குழம்பில் கரையாமல் துண்டாக நிற்க அது நல்லது, சுடுவதற்கு ஆகாது. சின்னச் சின்ன பேபி பொட்டேட்டோவும், தோல் மெலிதாக உரியும் புதுக்கிழங்கும் இந்த வகையில்தான் சேரும்.

அமெரிக்காவில் இதற்கென்றே பேர்பெற்றது ஐடஹோ மாநிலத்தில் விளையும் ரஸ்ஸட் பர்பேங்க். தடித்த, சொரசொரப்பான பழுப்புத் தோல் அதற்கு. பிரிட்டனில் ஜாக்கெட் பொட்டேட்டோ (தோலோடு சுட்ட கிழங்கு) செய்பவர்கள் மாரிஸ் பைப்பர், கிங் எட்வர்ட் போன்ற ரகங்களைப் பெயர் சொல்லி வாங்குவார்கள், பையிலேயே ரகம் அச்சிட்டிருக்கும். நம்மூர்க் கடைகளில் ரகப் பெயர் சொல்லி விற்பது அபூர்வம். ஊட்டிக் கிழங்கு, வடக்கேயிருந்து வந்த கிழங்கு என்பதோடு சரி. சிப்ஸ் போடுவதற்கென்றே உருவாக்கிய குஃப்ரி சிப்சோனா வகைகள் கிடைத்தால் விடாதீர்கள். அவற்றில் தண்ணீர் குறைவு, மாவு அதிகம்.

ரகம் தெரியாவிட்டாலும் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்து, அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுக்கிழங்கு அடர்த்தியானது என்பதால் மூழ்கும், மற்றது மிதக்கும். ஒரே மூட்டைக் கிழங்கில் ஒன்றிரண்டைச் சோதித்தாலே போதும்.

அளவும் முக்கியம். ஒவ்வொன்றும் 250 முதல் 300 கிராம் வரை, எல்லாம் ஒரே பருமனில் இருக்கட்டும். பெரிய கிழங்கு சுவைக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், யாக்கிமா பள்ளத்தாக்கு விவசாயிகள் மிகப் பெரிய உருளைக்கிழங்குகளை வாங்க ஆளில்லாமல் பன்றிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் உணவுப்பெட்டிகளுக்குப் பொறுப்பாளராக இருந்த ஹேசன் டைட்டஸ் அவற்றை வாங்கி, நிதானமாகச் சுட்டுப் பார்த்தார். 1909-இல் அந்த ரயில்களில் ஒரு கிலோவை நெருங்கும் சுட்ட கிழங்குகளை வெண்ணெயோடு பரிமாறத் தொடங்கினார்கள். அந்த ரயில் பாதைக்கே அது விளம்பரமாகிப்போனது. கிழங்கு எவ்வளவு பெரியதானாலும் சுடலாம், அதற்கேற்ற நேரம் கொடுத்தால் போதும்.

வாங்கிவந்த கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். சுட்டால் ஒரு அசட்டுத் தித்திப்பு வரும், தோல் வேகமாகக் கருகும். வெங்காயமும் கிழங்கும் ஒரே கூடையில் கிடப்பது நம் வீடுகளில் வழக்கம், அதையும் பிரித்துவிடுங்கள். கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் அழுகும். இருட்டான, காற்றோட்டமான இடம்தான் கிழங்குக்கு ஏற்றது. வெளிச்சம் பட்டால் தோல் பச்சை பூக்கும், கூடவே சோலனைன் என்ற நச்சும் சேரும். சுடுவதால் அது அழியாது. தோலோடு சாப்பிடப்போகிறோம் என்பதால் இதில் தாராளம் காட்டவே கூடாது. பச்சை அதிகமாக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஃபாயிலைச் சுற்றாதீர்கள்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுட்ட கிழங்கு என்றாலே அலுமினியத் தாள் சுற்றிய படம்தான் பலர் மனதில் இருக்கிறது. தாளுக்குள் அடைபட்ட கிழங்கு தன் ஆவியிலேயே வேகும், தோல் ஊறிப்போகும். அந்தக் கிழங்குக்கு ஓவன் எதற்கு? குக்கரிலேயே வைத்துவிடலாம். உணவகங்களில் தாளில் சுற்றுவது, பரிமாறும்வரை சூடு ஆறாமலிருக்க. வீட்டில் அந்தத் தேவையே இல்லை.

தாளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மண்ணில் வாழும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கிழங்கின் தோலில் ஒட்டியிருக்கலாம். சுடும் சூட்டில் அவை சாவதில்லை. தாள் சுற்றிய கிழங்கை அப்படியே மேடையில் விட்டுவைத்தால் காற்றில்லாத, ஈரமான, வெதுவெதுப்பான சூழல் அமைந்துவிடுகிறது. அதில் வித்துகள் முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சை உருவாக்கும். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஒரு உணவகத்தில் தாள் சுற்றிச் சுட்ட கிழங்குகளை அறை வெப்பத்தில் வைத்திருந்து, பிறகு அவற்றை மசித்துத் தொட்டுக்கொள்ளும் கலவை செய்தார்கள். 30 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆகவே எங்கேயாவது தாள் சுற்றிய கிழங்கு கிடைத்தால் சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள். மிஞ்சினால் தாளைப் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அடுப்பில் நடக்கும் தவறுகள்

மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள், ஆனால் ஈரத்தோடு ஓவனில் வைக்காதீர்கள். துணியால் நன்றாகத் துடைத்து, முள்கரண்டியால் நான்கைந்து இடத்தில் குத்துங்கள். இந்தத் துளைகள் கிழங்கு வெடிக்காமலிருக்க ஒரு பாதுகாப்பு. ஓவனில் வெடிப்பது அரிது, மைக்ரோவேவில் குத்தாமல் வைக்கவே கூடாது. ஆவி முழுவதும் இந்த வழியாகப் போய்விடும் என்று நினைத்துச் சல்லடையாக்க வேண்டாம்.

எண்ணெயை முதலிலேயே தாராளமாகத் தடவுவது அடுத்த தவறு. நான் பரிந்துரைப்பது உப்புத் தண்ணீர். அரை கப் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் கிழங்கைப் புரட்டி எடுத்து அப்படியே ஓவனில் வையுங்கள். துடைக்கச் சொல்லிவிட்டு மறுபடி நனைக்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். இந்த மெல்லிய நீர்ப்படலம் சில நிமிடங்களில் காய்ந்து, தோல் முழுக்க உப்பு சீராகப் படிந்துவிடும். கிழங்கு வெந்த பிறகு எண்ணெயோ உருகிய வெண்ணெயோ லேசாகத் தடவி, கடைசிப் பத்து நிமிடம் சூட்டை ஏற்றிவிட்டால் தோல் மொறுமொறுப்பாகும்.

ஓவனை முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ளுங்கள். தட்டில் வைத்தால் அடிப்பக்கம் வியர்த்து ஊறும், கம்பி வலையின் மேல் நேரடியாக வையுங்கள். ஓடிஜி என்றால் நடுத்தட்டு, மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் இரண்டும் எரியட்டும், பாதியில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். 250 கிராம் கிழங்குக்கு ஒரு மணி நேரம், சிலசமயம் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஏர் ஃப்ரையரில் அதே சூட்டில் 40 முதல் 50 நிமிடம் போதும். தோலும் அதில் அருமையாக வரும்.

'கத்தி சுலபமாக இறங்கினால் வெந்துவிட்டது' என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். கத்தி இறங்கும் பதத்துக்கும் உதிரும் பதத்துக்கும் நடுவே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரி வரை வரட்டும். இல்லையென்றால் துணியோடு பிடித்து லேசாக அழுத்துங்கள். தோல் விறைப்பாகவும், உள்ளே எதிர்ப்பே இல்லாமல் அமுங்குவதாகவும் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். கூடுதலாக வெந்த கிழங்கு அவ்வளவு எளிதில் கெடாது, அரைகுறையாக வெந்ததைத்தான் சகிக்க முடியாது.

நேரமில்லாத நாளில் மைக்ரோவேவ் தப்பே இல்லை. அதோடு நிறுத்துவதுதான் தப்பு. 8 முதல் 10 நிமிடம் மைக்ரோவேவில், நடுவில் ஒருமுறை திருப்பி வேகவிட்டு, பிறகு 220 டிகிரி ஓவனில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் தோல் பிழைத்துக்கொள்ளும்.

வெளியே எடுத்தாயிற்றா? உடனே பிளந்துவிடுங்கள். குழம்பு கொதிக்கட்டும், எல்லாரும் வரட்டும் என்று முழுசாகவே விட்டுவைத்தால் உள்ளேயிருக்கும் ஆவி திரும்பத் தண்ணீராகி மாவோடு கலந்துவிடும். அவ்வளவு நேரம் சுட்டது வீண். மேல்தோலில் பெருக்கல் குறி போலக் கீறி, துணியால் இரண்டு பக்கமும் பிடித்து நடுவை நோக்கி அமுக்குங்கள். வெள்ளைச் சதை மேலே எழும்பி, ஆவி குபுகுபுவென்று வெளியேறும்.

மேலே என்ன வைப்பது

முதலில் உப்பும் வெண்ணெயும். வேறு எதை வைத்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். தோலில் உப்பு இருக்கிறதே என்று உள்ளே போடாமல் விட்டால் நடுப்பகுதி சப்பென்றிருக்கும். சதையை முள்கரண்டியால் கிளறி, உப்பைத் தூவி, வெண்ணெயை வைத்து உருகவிடுங்கள். துருக்கியில் கும்பிர் என்ற சுட்ட கிழங்கைச் செய்பவர்கள் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள். இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் கரையோரம் இருக்கும் ஒர்த்தாகோய் பகுதியில் இதற்கென்றே வரிசையாகக் கடைகள் உண்டு. பெரிய கிழங்கைப் பிளந்து, தோலுக்குள் வைத்தே வெண்ணெயையும் கஷார் சீஸையும் சூட்டோடு சூடாகக் கலக்குவார்கள், இழுத்தால் நூலாக வரும்வரை. அதற்குப் பிறகுதான் மக்காச்சோளம், ஆலிவ், ஊறுகாய்க் காய்கள், சாசேஜ் எல்லாம் மேலே ஏறும். மேலே எவ்வளவு குவித்தாலும் அடியில் கிழங்கு தனியாகவே ருசிக்கும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பொருளை நேராக வைப்பது இன்னொரு தவறு. இரண்டு கரண்டியிலேயே கிழங்கு ஆறிப்போகும். சீஸைத் துருவி, அரை மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். பிரிட்டனில் தக்காளிச் சாற்றில் வெந்த பேக்டு பீன்ஸும் செடார் சீஸும் சேர்ந்த கூட்டணி மிகப் பிரபலம். பீன்ஸைக் கொஞ்சம் வற்றவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சீஸ் முதலிலா பீன்ஸ் முதலிலா என்றால் என் ஓட்டு சீஸுக்கு. அடியில் போனால்தான் கிழங்கின் சூட்டில் நன்றாக உருகும்.

அமெரிக்கர்கள் வைக்கும் சவர் க்ரீம் கிடைக்காவிட்டால், கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிடுங்கள். அப்புறம் உப்பும் மிளகும் சேர்த்து, வெங்காயத்தாளைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் அதைவிட நன்றாகவே இருக்கும். வடிகட்டாத தயிர் வேண்டவே வேண்டாம். காளானும் அப்படித்தான், அது விடும் தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கிய பிறகே வையுங்கள். நம் சமையலில் உலர்வாக இருப்பவை எல்லாம் இதற்குப் பிரமாதமாகப் பொருந்தும்: முட்டைப் பொடிமாஸ், சிக்கன் சுக்கா, நெய்யில் குழைத்த பருப்புப்பொடி. சாம்பார், குருமா போன்றவற்றை ஊற்றினால் தோல் உடனே ஊறிவிடும்.

ஒரே கிழங்கில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள். வெண்ணெயைத் தவிர இரண்டு போதும்: ஒன்று கொழகொழப்பாக, மற்றது நறுக்கென்று கடிபட. எனக்கு மிகவும் பிடித்தது வடிகட்டிய தயிரும் பொரித்த சின்ன வெங்காயமும்.

மிஞ்சிய கிழங்கை மைக்ரோவேவில் சுடவைத்தால் தோல் தோற்றுப்போகும். மறுநாள் அதை இரண்டாகப் பிளந்து, சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து, சீஸும் கொஞ்சம் பாலும் மிளகும் சேர்த்துப் பிசைந்து, திரும்ப அதே தோலில் நிரப்பி 200 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். வழித்தெடுக்கும்போது தோலோடு அரை சென்டிமீட்டர் சதையை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் கிண்ணம் கிழிந்துவிடும்.