இரும்பு பருக்காது: மீயொலித் தடிமன்மானியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு பயிலுநர், ஒலியைச் செலுத்தித் தடிமன் அளக்கும் மீயொலித் தடிமன்மானியில் எடுத்த அறிக்கையை நீட்டினார். டீசல் தொட்டியின் அடிவரிசைத் தகடு போன ஆண்டு 6.8 மி.மீ., இந்த ஆண்டு 8.1 மி.மீ. "ஒரே வருடத்தில் இரும்பு பருத்துவிட்டதா தம்பி?" என்றேன். அவர் விழித்தார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதே தவறைச் செய்து, கீழே கையெழுத்தும் போட்டவன் நான்.

கருவியின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே ஜெல் தடவ மறப்பது, பேட்டரி தீர்ந்துபோவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவற்றைக் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். தயங்காமல் ஓர் எண் வந்து நின்று, அந்த எண் பொய்யாக இருக்கும் இடங்களைத்தான் சொல்லவேண்டும்.

பெயின்டையும் சேர்த்து அளப்பது

கருவிக்குத் தடிமன் தெரியாது. ஒலி போய்த் திரும்பிய நேரம்தான் தெரியும். அதை நாம் கொடுத்த வேகத்தால் பெருக்கி, பாதியாக்கிக் காட்டுகிறது. சாதாரண எஃகில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 5,920 மீட்டர். பெயின்டில் ஏறக்குறைய 2,400தான். பெயின்டுக்குள் ஊர்ந்த நேரத்தையும் கருவி இரும்பின் கணக்கிலேயே எழுதிவிடும். 0.6 மி.மீ. பெயின்ட், ஒன்றரை மி.மீ. இரும்பாக வேடம் போட்டு வரும்.

என் விஷயத்தில் தொட்டி காலியாக இருந்தது, உள்ளே கழுவியாகிவிட்டது, வெல்டர்களும் தயாராக இருந்தார்கள். 6.0 மி.மீ.க்குக் கீழே போன தகட்டை மாற்றிவிடலாம் என்பதுதான் ஏற்பாடு. நான் பெயின்டின் மேலேயே புரோப்பை, அதாவது ஒலியை அனுப்பி வாங்கும் முனையை, வைத்தேன். 7.4 காட்டியது. "நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன், தொட்டியை நிரப்பினார்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் சுரண்டிவிட்டு அளந்தார்: 5.8. மறுபடி டீசலை இறைத்து, கழுவி, வாயு சோதனை செய்து, அதே வெல்டர்களைக் கூப்பிட்டார்கள். நான் அளந்ததற்கு முந்தைய ஆண்டின் அறிக்கை அன்று என் மேசையிலேயே இருந்தது, அதில் 6.1. புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

இதற்கு வழி கருவியிலேயே இருக்கிறது. எதிரொலிக்கு எதிரொலி என்னும் முறையில், தகட்டின் பின்புறத்திலிருந்து அடுத்தடுத்து வரும் இரண்டு எதிரொலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டும் எடுக்கிறது. பெயின்டைக் கடந்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அடிபட்டுப்போகும். ஆனால் உள்பக்கம் துரு அரித்திருந்தாலோ பெயின்ட் தகட்டை விட்டு எழும்பியிருந்தாலோ இரண்டாம் எதிரொலி வராது. திரை வெறுமையாக நிற்கும். அந்தப் பயிலுநரைத் துருவிக் கேட்டதில் வந்த பதில் இது: "எண் வரவில்லை சார், அதனால் பழைய முறைக்கு மாற்றினேன்." இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அளக்க முடியவில்லை என்று கருவி நேர்மையாகச் சொல்கிறது. நாம் அதைப் பொய் சொல்ல வைக்கிறோம். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுரண்டி, அளந்து, பெயின்டைத் தொட்டு மூட எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு. காந்த வகைப் பூச்சுமானியில் பெயின்ட் 600 மைக்ரான், அதாவது 0.6 மி.மீ., என்று பார்த்து, 7.4இலிருந்து 0.6ஐக் கழித்து 6.8 என்று எழுதுவார்கள். கழிக்கவேண்டியது ஒன்றரை. அதுவும் ஒரு மதிப்பீடுதான். எல்லாப் பெயின்டிலும் ஒலியின் வேகம் ஒன்றல்ல.

வார்ப்பிரும்புக்கும் 5,920

எஃகின் வேகத்தை அப்படியே வைத்து அளக்கக் கூடாது. அதே வார்ப்பிலிருந்து, தடிமன் தெரிந்த ஒரு துண்டில் சரிபார்த்த பிறகே தொடங்குங்கள்.

பாதியும் இரட்டிப்பும்

12 மி.மீ. தகட்டில் ஓரிடத்தில் மட்டும் 6 வந்தால், உடனே அரிப்பு என்று எழுதாதீர்கள். தகடு நடுவே ஏடு ஏடாகப் பிரிந்து, ஒலி அங்கேயே திரும்பியிருக்கலாம். நேர்மாறாக, புரோப் அளக்கக்கூடிய குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே மெலிந்த தகடு இரட்டிப்பாகத் தெரியும்: இருப்பது 1.2, திரையில் 2.4. இதைப் பார்த்துத்தான் நிம்மதியாகக் கடந்துபோவார்கள். சந்தேகம் வந்தால் மெல்லிய தகட்டுக்கான புரோப்பை மாட்டி இன்னொரு முறை பாருங்கள்.

சூடான குழாய்

55 டிகிரி செல்சியஸ் சூடு கூடினால் எஃகு ஏறக்குறைய ஒரு சதவீதம் தடிமனாகத் தெரியும். வெப்பநிலையையும் அறிக்கையில் எழுதுங்கள்.

சிறிய குழாய்

ஒரு பாதி ஒலியை அனுப்ப, மறு பாதி வாங்கும் இரட்டைப் புரோப்பின் நடுக்கோட்டைக் குழாயின் நீளவாக்குக்குக் குறுக்கே ஒரு முறை, இணையாக ஒரு முறை வைத்துப் பார்த்து, குறைந்த எண்ணை எழுதுங்கள்.